எண்பது ராத்தல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது நான்காம் வகுப்பு வரைதான். சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை இது. பேனாவைப் பிடித்தால் எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு வியர்த்துவிடும் என்பதால்தான் சொல்லாமல் எழுதுகிறேன்.

இது நடந்தது 1974-ல், மாசி மாதத்தில், எருத்தேன்பதியில். பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். என் பட்டறை வீட்டோடு சேர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களை ரிப்பேர் செய்வதும், ஓட்டை விழுந்த குடம் அண்டாக்களுக்குப் பற்றவைப்பதும் என் தொழில். அன்றைக்கு என் வாசலில் நான் ஓட்டிக் காட்ட நினைத்தது ஒரு ரயில் எஞ்சின். நிஜ நீராவி எஞ்சின்தான், ஆனால் இரண்டு முழ நீளம்கூட இருக்காது.

அது என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, எங்கள் ஊர் விவசாயி ஒருவர் உடும்பஞ்சோலையில் தனக்கு இருந்த ஏலத்தோட்டத்துக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே மருந்து அடிக்கிற எஞ்சின் நின்றுபோயிருந்தது. நான்கு நாள் தங்கினேன். நான்கு நாளும் மழை விடவில்லை. ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் பின்னால் ஒரு சாமான் அறை. ஒரு நட்டுத் தேடி உள்ளே போனவன், கோணிச் சாக்குகளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தேன். மூடியில் ரயில் எஞ்சின் படம் ஒட்டியிருந்தது. பாதியைச் செல் அரித்திருந்தது.

திறந்தால், உள்ளே பச்சைத் துணி ஒட்டிய தட்டுகள். தட்டில் பள்ளம் பள்ளமாக வெட்டி, பள்ளத்துக்கு ஒரு சாமான் வைத்திருந்தார்கள். கடைசல் பிடிக்காத வார்ப்புச் சக்கரங்கள் ஆறு. சொம்பின் வயிறு அளவுக்கு ஒரு செம்புக் குழாய். பென்சில் தடிமனில் சின்னக் குழாய்கள் ஒரு கட்டு. துணிப்பையில் கடுகு கடுகாகத் திருகாணிகள். ஒரே ஒரு வட்டப் பள்ளம் மட்டும் காலியாக இருந்தது. அதில் என்ன இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ. ஸ்டோர் பார்க்கிறவர், தேனிப் பக்கத்துக்காரர், வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே, நட்டுத் தேடப் போனவுக சாமி கும்புட்டுக்கிட்டு நிக்கிறீக?"

நான் பெட்டியைக் காட்டினேன்.

"அதுவா? முந்தி இருந்த வெள்ளக்காரத் தொர ஊருக்குப் போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. அவரு ஆசையா வரவழைச்சது. பிரிக்கக்கூட நேரமில்லாமப் போயிட்டாரு. தூக்கிப் போடுன்னு மொதலாளி சொல்லிக்கிட்டே இருக்காக, எனக்குத்தான் மனசு வல்ல. நீங்க கொண்டு போங்கண்ணே. ஓடுச்சுன்னா ஒரு கடுதாசி மட்டும் போடுங்க."

மூன்று பஸ் மாறி ஊர் வந்தேன். பஸ் கூரையில் போட மனமில்லாமல் மூன்றிலும் பெட்டியை மடியில்தான் வைத்திருந்தேன். இறங்கும்போது இரண்டு தொடையும் மரத்துப் போயிருந்தன. வீட்டில் அதைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் பட்டறை முழுக்கப் பரவியது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, எஞ்சின் ரிப்பேருக்குப் போறேன்னு போய்ட்டு எஞ்சினையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"ரயில் எஞ்சினு."

"ஓடுமா?"

"ஓட வெக்கோணும்."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுப்படிக்குள்ள மட்டும் தண்டவாளம் போட்டறாதீங்க."

அதற்குப் பிறகு வந்த இருபது மாதம் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. பகலில் ஊர் எஞ்சின்கள். வெயில் தாழ்ந்ததும் என் எஞ்சின். பெட்டியோடு நீலத்தாளில் வரைந்த படங்கள் இருந்தன. எனக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, ஆனால் படம் படிக்கத் தெரியும். அங்குலக் கணக்கு எந்த ஊரிலும் அங்குலக் கணக்குத்தானே. என் பட்டறையில் காலால் மிதிக்கும் பழைய லேத் ஒன்று உண்டு. அதில் ஆறு சக்கரத்தையும் கடைந்து எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. நான்காவது சக்கரம் மயிரிழை சின்னதாகப் போய்விட்டது. மற்ற ஐந்தையும் அதன் அளவுக்கு இறக்கினேன்.

சிலிண்டரைப் பூட்டி முடித்த அன்று, ஆவிக்குப் பதிலாக வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி ஊதினேன். ஆறு சக்கரமும் மெதுவாக ஒரு சுற்று சுற்றி நின்றன. திரும்பிப் பார்த்தால் மாவுக் கையோடு மனைவி நிற்கிறாள். "இன்னொருக்கா ஊதுங்க," என்றாள். அன்றைக்கு எனக்கு மூச்சு வாங்கும்வரை ஊதச் சொன்னாள்.

படம் புரிந்தது. எழுத்துதான் தகராறு. அதைப் படித்துச் சொல்ல என் மனைவியின் தம்பி இருந்தார், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர். கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவர், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். நல்ல பையன், ஆனால் தெரியாது என்கிற சொல் மட்டும் அவர் வாயில் வராது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார், கறிச்சோறு சாப்பிடுவார், திண்டில் சாய்ந்துகொண்டு ஒரு பக்கம் படித்துச் சொல்வார். நான் தமிழில் குறித்துக்கொள்வேன்.

பாய்லருக்கு மேலே வைக்கும் வால்வைப் பற்றிய பக்கம் வந்தது. உள்ளே ஆவி அதிகமானால் தானாகத் திறந்து வெளியே விடுகிற சின்ன வால்வு அது. அவர் விரல் வைத்துப் படித்தார்.

"இந்த வால்வு எண்பது எல்.பி.எஸ்.ல தெறக்கோணும்ங்க மச்சான். எல்.பி.எஸ்.னா ராத்தலு."

"அதுக்குப் பின்னால என்னமோ சின்ன எழுத்துல இருக்குதே மாப்ள?"

குனிந்து பார்த்தார். "எஸ்ஸும் க்யூவும் போட்டு ஒரு புள்ளி வெச்சிருக்கறான். அப்பறம் இன். ஸ்க்ரூ இன்னுங்க. ஸ்க்ரூவைச் சுருக்கி எழுதியிருக்கறான். எண்பது ராத்தல் வர்ற வரைக்கும் ஸ்க்ரூவ உள்ள திருகுன்னு அர்த்தம்."

சரியாகத்தான் இருந்தது. வால்வின் தலையில் திருகாணி இருந்ததே.

ராத்தல் என்றால் எங்கள் பக்கத்தில் எடை. கிலோ வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் வேலந்தாவளம் சந்தையில் பெரியவர்கள் ராத்தல் கணக்குத்தான் பேசுவார்கள். எண்பது ராத்தல் என்றால் முப்பத்தாறு கிலோ. நான் கடலை வியாபாரி ஒருவரிடம் தராசுக் கற்களை இரவல் வாங்கி வந்தேன். வால்வைத் தலைகீழாகக் கவ்வவைத்து, அதன் அடி ஓட்டையில் ஓர் இரும்புத் தண்டை நிறுத்தி, அதன் தலையில் தட்டு வைத்து, கல்லை அடுக்கினேன். இரண்டு கிலோ கல்லை வைத்ததுமே பெட்டியில் வந்த ஸ்பிரிங் படுத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மலை ஈரத்தில் இருபது வருடம் கிடந்து தளர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஆயில் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்கை அறுத்து, அதற்கு ஏற்ற கூடு ஒன்று பித்தளையில் கடைந்து போட்டேன். இருபது, பத்து, ஐந்து, ஒன்று என்று நான்கு கல்லையும் ஏற்றினேன். அசையவில்லை. திருகாணியைச் சரிசெய்து, முப்பத்தாறு கிலோவுக்கு மிகச் சரியாகத் திறக்கும்படி செய்தேன். என் வேலையில் எனக்கே பெருமை.

மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "இட்லிக் குண்டாவுக்கே மூடி துள்ளுதுங்க. இந்தச் சொம்புக்கு இத்தன பாரம் எதுக்குங்க?"

"கம்பெனிக்காரன் எழுதியிருக்கறான்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குள்ளும் ஓர் அரிப்பு இருந்தது. அவ்வளவு சின்ன ஸ்பிரிங்கை ஒரு கம்பெனிக்காரன் ஏன் வைக்கிறான்? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் தினமும் என் பட்டறை வழியாகத்தான் சைக்கிளில் போவார். இரண்டு நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் வந்ததும் உள்ளே போய்விட்டேன். இந்த வயதில் பொம்மை ரயிலுக்குத் தாள் படிக்கச் சொல்கிறானே என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சம். மூன்றாம் நாள் தாளைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

வாசலிலிருந்து புளியமரம் வரை நாற்பது அடிக்குப் பட்டை இரும்பில் தண்டவாளம் போட்டேன். எஞ்சினுக்குக் கறுப்புப் பெயிண்ட், சக்கரத்துக்குச் சிவப்பு. ஒரு சந்தை நாளில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. நானும் மனைவியும் தனியாக ஓட்டிப் பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை லீவு போட்டு வந்து வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். மாடு வாங்கப் போனவர்கள், விற்றுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவர் வாங்கின கன்றுக்குட்டியோடு நின்றார்.

எஞ்சினுக்குப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள் மனைவி. பாய்லரில் தண்ணீர் ஊற்றினேன். கொட்டாங்குச்சிக் கரி போட்டுப் பற்றவைத்தேன். பட்டறைத் துருத்தியை மாப்பிள்ளை சுற்றினார். கரி வெள்ளையாகத் தகதகத்தது.

வால்வு சீறினால் ஆவி போதிய அளவு வந்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் கைப்பிடியைத் திறந்து ஓட்ட வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. ஆகவே சீறுவதற்காகக் காத்திருந்தோம். முதலில் உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. கைப்பிடி ஓரமாகக் கொஞ்சம் ஆவி கசிந்தது. ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன்.

"என்னுங்க மாமா, ரயிலு லேட்டுங்களா?" என்று கன்றுக்குட்டிக்காரர் கேட்டார்.

"பொறுங்க. எண்பது ராத்தலு ஏறோணும்ல?" என்று மாப்பிள்ளை இன்னும் வேகமாகத் துருத்தியைச் சுற்றினார். எல்லாரும் நன்றாக நெருங்கி வந்துவிட்டார்கள். மனைவி கற்பூரத் தட்டோடு எஞ்சினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

காலையில் ஓர் அம்மா ஓட்டைக் குடத்தைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். சித்தூர்ப் பக்கத்தில் ஒரு புழுங்கல் அரிசி மில்லில் நெல் வேகவைக்கிற வேலை அவருக்கு. பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். குடத்தை வாங்க வந்தவர், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார்:

"அண்ணா, இது கரயில்லியே?"

யாரும் கவனிக்கவில்லை. அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "எத்தர நேரமாச்சு? எங்க மில்லுல உள்ளது இந்நேரத்துக்கு நாலு தடவ கரயும். இது ஏன் கரயில்ல?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "கரையறதுக்கு இதென்ன வெல்லக்கட்டியாம்மா? செம்பு! செம்பு எங்காச்சும் கரையுமா?"

கூட்டமே சிரித்தது. அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாப்பிள்ளை கோயமுத்தூர்க்காரர்; அவருக்குக் கரைவது என்றால் தண்ணீரில் உப்புக் கரைவதுதான். நான் எல்லையில் வளர்ந்தவன். மலையாளத்தில் கரைவது என்றால் அழுவது. மில்லில் பாய்லர் வால்வு திறந்து ஆவி கத்திக்கொண்டு வெளியே போவதைத்தான் அந்த அம்மா அழுகை என்கிறார். அழ வேண்டியது அழாமல் இருக்கிறது என்கிறார். அந்த நொடியில் எனக்குப் பெட்டியில் வந்த சின்ன ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. பாய்லரின் ஓரத்தில் பற்றவைத்த இடத்தில் ஒரு துளி நீர் எட்டிப் பார்த்து, பட்டென்று ஆவியாகிக் காணாமல் போனது. என் மனைவியின் முகம் அதிலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது.

"எல்லாரும் அக்கட்டால போங்க!" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மனைவி தட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

மாப்பிள்ளை பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைத் தூக்கினார்.

"வெள்ளம் ஒழிக்கண்டா!" அந்த அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் ஊற்றாதே என்கிறார். "தீய வலி அண்ணா! தீய மாத்திரம் வலி!" தீயை மட்டும் வெளியே இழு என்கிறார்.

பாய்லருக்கு அடியில் இருந்த கரித்தட்டை ஒரே ஓர் ஊசிதான் பிடித்துக்கொண்டிருந்தது. வளைந்த கம்பியை மாட்டி இழுத்தேன். முதல் இழுப்பில் வரவில்லை. சூட்டில் இறுகியிருந்தது. பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தேன். ஊசி வந்தது. கரி முழுவதும் தண்டவாளத்தின் மேல் கொட்டியது. மண்வெட்டியால் அதைத் தூரமாக இழுத்துவிட்டுத் தவழ்ந்தே வந்து சுவருக்குப் பின்னால் போனேன். அதற்குள் அந்த அம்மா, "மாறு, எல்லாரும் மாறு," என்று விலகச் சொல்லி, கோழியை விரட்டுவது போல அத்தனை பேரையும் சுவருக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கன்றுக்குட்டி மட்டும் ஒருமுறை கத்தியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். ரயில் பார்க்க வந்தவர்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று யாரோ சொன்னார்கள். வலிக்கவில்லை. அவர்கள் நடந்து போவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

குடத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அந்த அம்மா கேட்டார்: "நீ ஆரோடும் சோதிச்சில்லியா அண்ணா?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "முப்பத்தாறு கிலோ கல்லு வெச்சுச் சோதிச்சோமுங்களே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மலையாளத்தில் சோதிப்பது என்றால் கேட்பது. நீ யாரிடமும் கேட்கவில்லையா என்பதுதான் அவர் கேள்வி. நாங்கள் எங்கள் ஊர் அர்த்தத்தில் எல்லாம் சோதித்திருந்தோம். அவர் ஊர் அர்த்தத்தில் ஒருவரையும் சோதிக்கவில்லை.

"இல்லீங்க," என்றேன். "ஆரையும் கேக்கல."

"மில்லுக்கு வா. பாய்லர்காரன் உண்டு. நல்ல மனுஷன்," என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை எஞ்சினைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பாய்லரின் முன்பக்கத் தகடு நான் தட்டித் தட்டிச் சமமாக்கியது. அது இப்போது பணியாரத்தின் முதுகு போல வெளியே உப்பியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். அன்று முழுவதும் நான் எங்கே போனாலும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

வால்வையும் தாளையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில் வாசலில் கால் நின்றுவிட்டது. திரும்பிவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. உப்பிய தகட்டை நினைத்துக்கொண்டேன், உள்ளே போனேன். கரி படிந்த பனியன் போட்ட ஒருவர் பாய்லருக்கு முன்னால் பீடி குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அங்கே எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியதால் தெரியவில்லை.

தாளை வாங்கிப் படித்தார். "ஸ்க்ரூ இன்னோ? ஆரு வாயிச்சது இது?" யார் படித்தது என்கிறார்.

"மச்சினன்."

"அவனெக் கொண்டு இனி ஒண்ணும் வாயிப்பிக்கண்டா." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது திருகாணியே இல்லையாம். ஒரு சதுர அங்குல இடத்துக்கு எண்பது ராத்தல் என்பதுதான் அந்தச் சின்ன எழுத்தாம்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே சொன்னேன். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் அங்குலத்துக்கு அங்குலம் ஒரு கட்டம் போட்டார். அதன் உள்ளே என் வால்வின் ஓட்டையை வைத்து வரைந்தார். கொண்டைக் கடலை அளவு ஓட்டை. கட்டத்தில் இருபதில் ஒரு பங்குதான் வந்தது. எண்பதில் இருபதில் ஒன்று நான்கு ராத்தல். நான்கு ராத்தல் என்றால் இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பெட்டியில் வந்த ஸ்பிரிங் படுத்த கணக்கு அதுதான்.

"நீ வெச்சது எண்பது. அப்ப உள்ள எத்தர ஏறியிருக்கும்?" அவர் மனக்கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பீடியை அணைத்தார். "ஆயிரத்து அறுநூறு ஏறினாத்தான் அந்த வால்வு தெறக்கும். அதுக்கெல்லாம் முன்னே இது போயிருக்கும் மோனே. கூடெ நின்னவங்களும்."

பெட்டியில் காலியாக இருந்த அந்த வட்டப் பள்ளத்தில் இருந்திருக்க வேண்டியது ஆவியின் அளவைக் காட்டும் மீட்டர் என்பதையும் அவர்தான் சொன்னார். ஓரத்தில் கிடந்த பழைய மீட்டர் ஒன்றைத் துடைத்து, திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். தீ மூட்டும் முன் பாய்லரில் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அமுக்கிப் பார்க்கும் முறையையும் சொன்னார். ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். ஒன்றுக்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவுதானா கேட்பது என்று இருந்தது.

மாப்பிள்ளை அடுத்த ஞாயிறு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் சோறு வேண்டாம் என்று லேத் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார். "தெரியலீன்னு சொல்லியிருக்கோணுமுங்க மச்சான்," என்றார். "கேட்டிருக்கோணும் நானும்," என்றேன். அப்புறம் அவர் அக்கா வந்து, "ரெண்டு பேரும் ஸ்க்ரூ இன் பண்ணுனது போதும், வந்து உண்ணுங்க," என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. யாராவது தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால், ஸ்க்ரூ இன் என்போம்.

தகட்டை மாற்றினேன். உள்ளே தாங்கு கம்பிகள் வைத்துப் பற்றவைத்தேன். தண்ணீர் அமுக்கிப் பார்த்தேன். பழைய ஸ்பிரிங்கைப் போட்டேன். சித்திரை கடைசியில் மறுபடி தீ மூட்டினோம். இந்த முறை மில்லுக்குப் போய், அந்த அம்மாவையும் பாய்லர்காரரையும் நானே அழைத்துவிட்டு வந்திருந்தேன். அந்த அம்மா எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்கவில்லை, வால்வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முள் எண்பதைத் தொட்டதும் வால்வு கீச்சென்று அலறியது. வெள்ளை ஆவி அவர் முகத்துக்கு முன்னால் நேரே மேலே போனது. அவர் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கைப்பிடியைத் திறந்தேன். எஞ்சின் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. பின்னால் ஒரு பலகை வண்டி கட்டியிருந்தேன். அதில் மாப்பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் இழுத்துக்கொண்டு புளியமரம் வரைக்கும் போனது. "நானு மட்டும் நூத்தி முப்பது ராத்தலுங்க மச்சான்!" என்று அங்கிருந்து கத்தினார். உடும்பஞ்சோலைக்கு அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன், ஓடியது என்று.

இப்போதும் அது பட்டறையில்தான் இருக்கிறது. விசேஷ நாட்களில் தீ மூட்டுவோம். எனக்குக் கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் ஒருவரிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் இரண்டு தடவை தொண்டையைக் கனைக்கிறேன். ஆனால் கேட்டுவிடுகிறேன்.

மாசி மாதத்து அந்த நாளில் வாசலில் நின்றவர்கள், என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். சந்தையிலோ பஸ்ஸிலோ அவர்களில் யாரைப் பார்த்தாலும் மனதுக்குள் ஓர் எண்ணிக்கை ஓடும். போன வருடம் அவர்களில் ஒரு பெரியவர் காலமானார். எண்பது வயதுக்கு மேல். பேரன் பேத்திகள் சுற்றி நிற்க, தன் கட்டிலிலேயே போய்விட்டார். நான் போய் மாலை போட்டேன். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை அங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. மனிதர்கள் தங்கள் வயதை வாழ்ந்து முடித்துத் தங்கள் கட்டிலில் போவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் ஊரில் எனக்கும் என் மனைவிக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும்தான் சரியாகத் தெரியும்.

1979 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.